இளங்கன்று பழக்கிய நம் முன்னோர்

"அடியாத மாடு படியாது" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பள்ளிப்பிள்ளைகளைக் குறித்தும் வேலையாட்களைக் குறித்தும் இதனைச் சொல்லுவோர், இஃது ஆயர்குலத்தார் தம் அநுபவத்தினின்று உலகத்திற்கு வழங்கிய உண்மை என்றே எண்ணுகின்றனர். கையிற் கோலுடையவன் ஆயன்; கோல் அடிப்பதற்கென்றே ஏற்பட்டது; ஆகவே மாடு பழக்குதலாவது அடித்தலே என்பது அவர்தம் துணிபு. நம்மவருள்ளும் இளைஞர் பலர் இவ்வாறே நினைக்கத் தலைப்பட்டுவிட்டனர். நம் முன்னோர் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு இஃது உண்மையன்று என்பது தெற்றென விளங்கும். அதனை ஒருவாறு எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி இப்பொழுது வேண்டற்பாலது யாதுபற்றி எனின், கூறுதும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சென்னை அரும்பாக்கத்தில், பள்ளியினின்று வீடு திரும்பிய ஒரு சிறுமியை மாடு ஒன்று முட்டித் தூக்கியெறிந்து மிதித்தது. அக்காட்சி நிழற்படமாக நாடெங்கும் பரவிற்று. கண்டார் அனைவரும் பதைத்தனர், அப்பதைப்பு நியாயமே. அதன்பின் "மாட்டுக்காரர்" என்னும் சொல்லே ஒரு வசைமொழிபோல் வழங்கலாயிற்று. பசுவைத் தாய் என்று போற்றிய குலத்தார்க்கு இதனினும் பெரியதோர் இழுக்கு வேறுண்டோ? வசையுரைப்பாரோடு வாதிட்டுப் பயனில்லை. ஒரு மாடு எங்ஙனம் மூர்க்கமாகின்றது, நம் முன்னோர் அதனை எங்ஙனம் தடுத்தனர் என்று அறிந்து, அவ்வழி நிற்றலே தக்க விடையாகும்.

பெரிய மாட்டின் குற்றங்கள் பெரும்பாலும் கன்றுப் பருவத்தில் வேரூன்றியவை. முட்டுதல், உதைத்தல், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுதல், மண் தின்னுதல், ஒரு கன்று மற்றொரு கன்றின் காதையும் தொப்புளையும் சப்புதல், தலையீற்றுக் கிடாரி பாலை அடக்கிக்கொள்ளுதல், ஏரிற் பூட்டிய இளங்காளை சண்டித்தனம் செய்து நுகத்தடியின்கீழ்ப் படுத்துக்கொள்ளுதல் ஆகியன நம் தாத்தாமார் நன்கறிந்த குற்றங்கள். இவற்றை அவர்கள் கன்றின் தீக்குணம் என்று கருதவில்லை. ஒவ்வொன்றற்கும் ஒரு காரணம் உண்டு என்றே கருதினர்.

முதலில் பழந்தமிழ் நூல்கள் தரும் சான்றைக் காண்போம். முல்லைநிலத்து ஆயரைக் கோவினத்தாயர், கோட்டினத்தாயர், புல்லினத்தாயர் எனக் கலித்தொகை வேறுபடுத்திக் கூறுகின்றது. பசு, எருமை, ஆடு ஆகிய இம்மூவினங்களின் இயல்பும் வேறு. ஆதலின் அவற்றைப் பழக்குவாரும் வேறாயினர். அந்நூலின் முல்லைக்கலி ஏறுதழுவுதலை விரித்துரைக்கின்றது. கொல்லேற்றின்முன் சென்ற இளைஞன் அதனைத் தழுவி அடக்கினான். தழுவுதல் என்னும் அச்சொல்லே நாம் சிந்திக்கத்தக்கது.

நம் தொண்டைநாட்டையே பாடும் நூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றியது. கச்சியில் அரசு செய்த தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டது. கச்சிக்குச் செல்லும் வழியிலுள்ள ஆயர் குடியிருப்பு ஒன்று அதில் வருகின்றது. அங்கே மோர் விற்றும் நெய் விற்றும் குடும்பம் நடத்தும் ஆய்மகள், நெய்க்கு விலையாகப் பொன் கொள்ளாது எருமையையும் பசுவையும் நாகினையும் கொள்கின்றாள். பொன்னினும் இளங்கிடாரியே அவளுக்குச் செல்வமாயிற்று. செல்வமாகக் கருதப்பட்ட உயிரை எவரும் வீணே புடைத்துக் கெடுக்க மனங்கொள்ளார்.

முல்லைப்பாட்டில் வரும் காட்சியோ நம் பொருளுக்கு மிக அணுக்கமானது. காவிரிப்பூம்பட்டினத்து நப்பூதனார் இயற்றிய அந்நூலில், மழைக்காலத்து மாலைப்பொழுதில் குளிரால் தோள்மேற் கைகட்டி நிற்கும் ஆயர் சிறுமி ஒருத்தியைக் காண்கின்றோம். சிறிய கயிற்றாற் கட்டப்பட்ட இளங்கன்று தாயைக் காணாது துயருற்றுச் சுழல்கின்றது. ஆயர் பின்னின்று ஓட்டிவர அதன் தாய் விரைவில் வந்துவிடும் என்று கூறி அவள் அதனைத் தேற்றுகின்றாள். அவ்வினிய சொல்லைக் கேட்ட முதுபெண்டிர் அதனை நற்சகுனமாகக் கொண்டனர். கன்று கயிற்றோடு போராடுவது குறும்பினால் அன்று, தாயைப் பிரிந்த ஏக்கத்தினால் என்பதை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் குலத்துச் சிறுமியர் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. சோழர் காலத்துச் சாசனங்கள் மற்றொரு செய்தியைத் தருகின்றன. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரியகோயிலில், ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்னும் கணக்கில் ஆயரிடம் ஒப்புவித்து, நாடோறும் ஓர் உழக்கு நெய் பெற ஏற்பாடு செய்தனர். இவ்வாறு அளிக்கப்பட்டவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று சாசனங்கள் கூறும். ஆடு சாவாதிருக்குமோ, மூவாதிருக்குமோ எனின், தனியோர் ஆடு சாகும், மந்தை சாகாது. மூத்தது கழியுமுன் இளையது ஒன்று அதன் இடத்தில் நிற்றல் வேண்டும். எனவே குட்டியையும் கன்றையும் நோயின்றி, மூர்க்கமின்றி, கறவைக்கு இணங்குமாறு வளர்த்தெடுத்தல் ஆயரின் அறமாக மட்டுமன்றி ஒப்பந்தக் கடமையாகவும் ஆயிற்று. உதைக்கும் கிடாரியால் விளக்கெரியாது. பல நூற்றாண்டு கோயில் விளக்குகள் எரிந்தமைக்கு அரசர் கொடை ஒரு காரணமாயின், கன்று பழக்கிய ஆயர் கைத்திறம் மற்றொரு காரணமாகும்.

இனி, நம் செம்பரம்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள குன்றத்தூருக்கு வருவோம். பெரியபுராணம் அருளிய சேக்கிழார் அவ்வூரிற் பிறந்தவர் என்பது அன்பர் அறிந்ததே. அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். அவர் பாடிய அடியார்களுள் ஆனாயநாயனார் நம் குலத்தவர். அவர் வேய்ங்குழல் வாசித்த பொழுது பசுக்கள் மேய்தலை மறந்து நின்றன. பால் உண்டுகொண்டிருந்த கன்றுகளும் வாயில் நுரையோடு அப்படியே நின்றன என்று சேக்கிழார் கூறுவர். இக்கதையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம்.

ஆயின் அதே நூலிலுள்ள சண்டேசுரநாயனார் வரலாற்றை நாம் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. திருச்சேய்ஞலூரில், கன்றீன்ற பசு ஒன்று மேய்ப்பவனை முட்டச் சென்றது. அவன் சினந்து கோலாற் புடைத்தான். அதனைக் கண்ட விசாரசருமர் என்னும் சிறுவர் அவனைத் தடுத்து, அன்றுமுதல் தாமே அவ்வானிரையை மேய்க்கலானார். அவர் மேய்த்த பின்னர்ப் பசுக்கள் முன்னிலும் கொழுத்து, முன்னிலும் மிகுதியாகப் பால் சொரிந்தன. அடித்தவன் ஆயன், தடுத்தவர் அந்தணச் சிறுவர். இது நமக்குச் சற்றே நாணந்தரும் செய்தியாயினும் மறைக்கத்தக்கதன்று. அப்பசு முட்டியது தீக்குணத்தினாலோ? அன்று. ஈன்ற பசு தன் கன்றுக்கு இடையூறு நேருமென்று அஞ்சி அணுகுவாரை முட்டுதல் எந்நாட்டுப் பசுவிற்கும் இயல்பு. காரணம் அறியாது கோலெடுத்தவன் தன் தொழிலை மறந்தவனானான். நம் குலத்தில் இருவகையினரும் இருந்தனர் என்று ஒப்புக்கொண்டு, எவ்வகையினர் வழி நாம் நிற்பது என்று துணிதலே அறிவுடைமை.

இனி, ஏரிக்கரை ஊர்களில் கன்று பழக்கிய முறையைச் சொல்லுதும். செம்பரம்பாக்கம் ஏரி சோழர் காலத்தது என்பர். 24 அடி ஆழமும், 3,645 மில்லியன் கனவடிக் கொள்ளளவும் உடைய இப்பெருநீர் கோடையில் வற்றி ஒதுங்குங்கால், கரையோரத்துப் புல் மந்தைகட்கு உணவாயிற்று. பெரிய மாடுகளைப் பெரியோர் மேய்த்தனர். கன்றுகளைச் சிறுவர் மேய்த்தனர். கன்றுகள் தனி மந்தையாகச் சென்றமையால் ஒன்றோடொன்று ஓடியும் முட்டியும் விளையாடித் தம் வலிமையின் அளவைத் தம்மினத்தோடே அறிந்துகொண்டன. மிகையாக முட்டிய கன்றை மூத்த பசு ஒன்று கொம்பால் ஒதுக்கித் தள்ளிவிடும். அக்கண்டிப்பு மனிதன் கோலினால் வருவதன்று. ஆதலின் மனிதன்மேற் பகை விளைவதில்லை.

சிறுவர்க்குப் பெரியோர் விதித்த கட்டளை ஒன்று உண்டு. கன்றின் நெற்றியிற் கைவைத்துத் தள்ளி விளையாடலாகாது என்பதே அது. சிறு கன்று தலையால் முட்டித் தள்ளுவது காண்பதற்கு இனிதாயிருக்கும். அதனையே கன்று கற்றுக்கொள்ளுமாயின், மூன்றாண்டு கழித்து அவ்விளையாட்டு விலாவெலும்பை முறிக்கும். தடவுவதாயின் கழுத்தடியிலும், அலைதாடியிலும், வாலடியிலும் தடவுக என்பர். பிறந்த நாள்முதல் காது, கால், குளம்பு, மடிக்காம்பு ஆகியவற்றில் மெல்லக் கைபட்டுப் பழகிய கிடாரி, தலையீற்றில் கறவைக்கு அஞ்சுவதில்லை. அவ்வாறு பழகாத கிடாரியையே காலைக் கட்டிக் கறக்க நேர்ந்தது.

உழவுக்கும் வண்டிக்கும் காளையைப் பழக்குதலும் இவ்வாறே படிப்படியாக நடந்தது. இத்திறம் நம் குலத்தார்க்கே உரியது என்று சொல்லுதல் நேர்மையாகாது. உழுதொழில் செய்த பல குலத்தாரும், பண்ணையிற் பாடுபட்ட ஏழை மக்களும் இதில் வல்லவராயிருந்தனர். மூக்கணாங்கயிறு குத்திய புண் ஆறும்வரை அக்கயிற்றைப் பிடித்திழுத்தல் கூடாது. பின்னர், இளங்காளையை வயது முதிர்ந்த சாதுவான எருதோடு பிணைத்து மேயவிடுவர். முதியது நடந்தால் இளையது நடக்கும், நின்றால் நிற்கும். சில நாள் கழித்து வெறும் நுகத்தடி, அதன்பின் ஒரு மரக்கட்டையை இழுத்தல், அதன்பின் இளகிய மணலில் ஏர், கடைசியிலேயே வண்டி. காளை படுத்துக்கொண்டால், கழுத்தில் நுகப்புண் உண்டோ, குளம்பில் முள் உண்டோ, வெயிலும் பாரமும் மிகுந்தனவோ என்று பார்ப்பர். வாலை முறுக்கி எழுப்பினால் எழும். ஆயின், படுத்தால் வேலை நிற்கும் என்பதையும் வாலைத் தொட்டால் வலி என்பதையும் ஒருங்கே கற்றுக்கொண்டு, நாளடைவில் முழுச் சண்டியாகிவிடும்.

இவ்வாறு பிணைத்துப் பழக்கும் முறை நம் பகுதியோடு நின்றதன்று. 1800-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி, டாக்டர் பிரான்சிஸ் புக்கானன் சென்னையினின்று புறப்பட்டு மைசூர் இராச்சியத்தைச் சுற்றிப் பார்க்கச் சென்றார். 1807-இல் இலண்டனில் வெளிவந்த அவர்தம் பிரயாண நூலின் தொடக்கத்திலேயே நம் செம்பரம்பாக்கம் ஏரி வருகின்றது. மழை பொய்த்தாலும் 32 கிராமங்களின் நிலங்கட்குப் பதினெட்டு மாதம் நீர் தரவல்லது என்று தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் எழுதினார். அவர் மைசூரை அடைந்து, அங்குள்ள காடுகொல்லர் என்னும் ஆயர் குலத்தாரைப் பற்றியும் எழுதியுள்ளார்.

அம்மைசூர் நாட்டில்தான் அமிருதமகால் என்னும் புகழ்பெற்ற அரசாங்க மந்தை இருந்தது. சிக்கதேவராச உடையார் (1672–1704) காலத்தில் வெண்ணெய்ச் சாவடி என்று தொடங்கிய அதற்குத் திப்பு சுல்தான் அமிருதமகால் எனப் பெயரிட்டார். சிதம்பரத்தைக் காக்க ஐதர் அலி இரண்டரை நாளில் நூறு மைல் படை செலுத்தியது இவ்வெருதுகளின் வலியால் என்று சொல்லுவர். காவல் எனப்படும் புல்வெளிகளில் ஏறத்தாழ காட்டுவிலங்குபோல் வளர்ந்த இக்காளைகள், பிடிக்கப்பட்டபொழுது அந்நியரை அணுகவொட்டா. அவற்றைக் கம்பத்திற் கட்டி, தீனி கொடுத்து, மனித அரவத்துக்குப் பழக்கி, பின்னர்ப் பழகிய எருதோடு கழுத்துப் பிணைத்து விட்டு, மெல்ல மெல்ல வசப்படுத்தினர். பீரங்கி இழுக்கும் எருதுக்கே பொறுமையும் துணையும் வேண்டப்பட்டன எனின், பால் கறக்கும் கிடாரிக்குச் சொல்லவும் வேண்டுமோ?

இத்தகைய அறிவு எவ்வாறு குன்றிற்று? 1871-ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் ஊர்தோறும் மாட்டுப் பட்டிகளை நிறுவிற்று. அலையும் மாட்டுக்கு அபராதம் என்னும் முறை நிலைபெற்றது. 1903-இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது பெரும் நன்மையே. நோய்க்கு நூலும் மருந்தும் கிடைத்தன. ஆயின் கன்று பழக்கும் அறிவு வாய்மொழியாகவே நின்றது. உழவுக்கு இயந்திரம் வந்தபின் காளை பழக்குவோர் அருகினர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பட்டது. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் எழுந்தன. நம் பிள்ளைகளுக்கு அவற்றால் ஊதியமும் உயர்வும் வந்தன. அதனைக் குறைகூறுதல் நன்றியின்மையாம். ஆயினும் மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று, மந்தை கலைந்தது, கன்று மேய்க்கும் சிறுவர் பள்ளிக்குச் சென்றனர். அவர்கள் பள்ளிக்குச் செல்ல வேண்டியவர்களே. எஞ்சியது யாது? வீட்டுச் சுவரோரம் குட்டைக்கயிற்றில் தனியே கட்டுண்ட ஒற்றைக் கன்று.

அவ்வொற்றைக் கன்றே இன்றைய இடுக்கணின் வித்து என்பதை மேலைநாட்டு ஆராய்ச்சியும் காட்டுகின்றது. 1990-இல் பிரைஸ், வாலக் என்னும் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். பிறந்த ஒன்று முதல் மூன்று நாளில் தாயினின்று பிரித்துத் தனித்தனிக் கொட்டிலில் வளர்த்த காளைக்கன்றுகளுள் 75 விழுக்காடு, வளர்ந்தபின் தம்மைப் பராமரிப்பாரையே தாக்க முற்பட்டன. அவ்வாறே கையால் ஊட்டப்பெற்று, ஆயின் பிற கன்றுகளோடு கூட்டமாக வளர்ந்தவற்றுள் 11 விழுக்காடே அவ்வாறு செய்தன. தனித்து வளரும் கன்று மனிதனையே தன் இனமாகக் கருதிவிடுகின்றது. வளர்ந்த காளை தன் இனத்தோடு பொருவதுபோல் மனிதனோடு பொருகின்றது. கன்று மந்தை ஒன்று வேண்டும் என்று நம் முன்னோர் விதித்ததன் பொருள் இப்பொழுது விளங்குகின்றதன்றோ?

ஆகவே இந்நாளில் மாடு வைத்திருக்கும் குடும்பத்தார் கவனிக்க வேண்டுவன சில. பிறந்த சில மணி நேரத்துள் சீம்பால் ஊட்டுக. கன்றுக்கு வயிறார்ந்த பாலும் பசும்புல்லும் கிடைக்குமாயின் பிறகன்றைச் சப்பும் வழக்கம் குறையும். மண் தின்னும் கன்றுக்கு வாய்ப்பூட்டு மட்டும் போதாது. குடற்பூச்சிக்கும் தாதுக்குறைவுக்கும் கால்நடை மருத்துவரிடம் மருந்து பெறுக. பசு தன் நேர் பின்புறத்தைக் காணமாட்டாது; ஆதலின் குரல் கொடுத்துப் பக்கவாட்டில் அணுகுக. உதைக்கும் கிடாரிக்கு மடியில் வீக்கமோ காம்பில் வெடிப்போ உண்டா என்று முதலிற் பார்க்க. சாதுவாயிருந்த மாடு திடீரென வெறிகொண்டு, எச்சில் ஒழுகி, குரல் மாறிக் கத்துமாயின், அது வெறிநாய்க்கடியின் விளைவாயிருத்தல் கூடும்; அதன் வாயிற் கைவிடாது மருத்துவரை உடனே அழைக்க. முட்டிப் பழகிவிட்ட பெரிய காளையைத் திருத்தலாம் என்று நம்பிக் குழந்தைகளை அதனருகே விடுதல் ஒருபொழுதும் ஆகாது. காலம் தவறிய பழக்கத்திற்கு நம் முன்னோரிடமும் முழு மருந்து இருந்ததில்லை. அதனாலன்றோ அவர்கள் கன்றிலேயே தொடங்கினர்.

சங்கத்துப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். தனித்தனி வீட்டில் இயலாதது பலர் கூடினால் இயலும். ஏரியைச் சூழ்ந்த ஊர்களில் நம்மவர் நாலைந்து குடும்பத்தார் ஒன்றுகூடி, வேலியிட்ட சிறு மனை ஒன்றைக் கன்றுகளுக்கெனப் பொதுவாக ஒதுக்குவார்களாக. பகலில் சில நாழிகை கன்றுகள் ஆங்கே கூடி ஓடி விளையாடினாற் போதும். கன்று பழக்கிய முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவர்தம் சொல்லைக் கேட்டு எழுதிவைத்தல் இளைஞர் கடனாகும். மாட்டைத் தெருவில் அவிழ்த்து விடுதலைச் சங்கமே கண்டிக்குமாயின், ஊரார் நம்மைக் கண்டிக்க இடமிராது.

கோல் நம் குலத்தின் அடையாளம் என்பது மெய்யே. ஆயின் அக்கோல் வழிகாட்டவும், இலைதழை வளைத்துக் கொடுக்கவும், பாம்பையும் நாயையும் விலக்கவும் ஏற்பட்டது. அடியாத மாடு படியாது என்பாரிடம் இனி நாம் சொல்லத்தக்க விடை ஒன்றுண்டு. தனித்து வாடாத கன்று முட்டாது. தடவி வளர்த்த கிடாரி உதையாது. அவ்விடையை வாயாற் சொல்லுவதினும் நம் கொட்டில்களிற் காட்டுதலே சிறப்பாகும். அவ்வாறு காட்டுவோமாக.